30 மி.மீ இறக்க 2.5 லட்சமா? சொகுசு எஸ்.யூ.வி.க்கு லோயரிங் ஸ்பிரிங் வாங்கும் முன் ஒரு கணக்கு

போன மாசம் கார் லோன் வீடியோ போட்டப்போ, "காரை வாங்கின பிறகு அதுக்கு மேல செய்யற செலவைப் பத்தி ஒண்ணுமே சொல்லலையே"ன்னு சிலர் கேட்டிருந்தீங்க. அதே வாரம் நம்ம ஆபீஸுக்கு ஒரு க்ளையன்ட் குடும்பம் வந்தாங்க. அவங்க கேட்ட கேள்வியே இந்தப் பாடத்துக்குப் போதுமானதா இருந்துச்சு. வீடியோல பத்து நிமிஷத்துல சொன்னதை இங்க கணக்கோட எழுதறேன்.

நாமக்கல் புதுச்சத்திரம் பக்கம் முட்டைக் கோழிப்பண்ணை. அப்பா லாரியில ஆரம்பிச்சு பண்ணைக்கு வந்தவர். பையனுக்கு 26 வயசு, பண்ணையை இப்ப அவர்தான் பாக்கறார். மூணு வருஷம் ஓடின ஒரு ஜெர்மன் எஸ்.யூ.வி.யை செகண்ட்ஸில் எடுத்திருக்காங்க. பில் பண்ணை ஃபர்ம் பேரில். பையன் கேட்டது இது: "அண்ணா, வண்டி உயரமா நிக்குது, வளைவுல சாயுது. லோயரிங் ஸ்பிரிங் போட்டா 30 மி.மீ இறங்கும். வண்டி ஃபர்ம் பேர்லதானே இருக்கு, செலவா எழுதிடலாமுங்களா?"

அப்பா பக்கத்துல உக்காந்து சிரிச்சார். "நாங்க லாரிக்குப் பட்டை கூட்டி வண்டியத் தூக்குனோம். இவன் காசு குடுத்து இறக்கறேங்கறான்."

நாமக்கல்லில் ஸ்பிரிங் பட்டறைக்குப் பஞ்சமே இல்லை. லாரி, டிரெய்லர், டேங்கர் பாடி கட்டற ஊரு. சேலம் பொட்டனேரியில் இருக்கற ஜே.எஸ்.டபிள்யூ ஆலையில் வாகனத் தொழிலுக்கான சிறப்பு எஃகே தயாராகுது. ஆனா நம்ம ஊரு கைத்திறமை எல்லாம் பட்டை ஸ்பிரிங்கில். காருக்கு அடியில இருக்கறது சுருள் ஸ்பிரிங். அதோட கணக்கு வேற.

முதல்ல: உங்க வண்டியில ஸ்பிரிங் இருக்கா?

இது காமெடி இல்லைங்க. பெரிய எஸ்.யூ.வி.க்கள் பலதுல ஏர் சஸ்பென்ஷன்தான். காத்துப் பைதான் வண்டியைத் தாங்குது, அங்க சுருள் ஸ்பிரிங்கே கிடையாது. சில மாடல்ல முன்னாடி ஸ்டீல், பின்னாடி ஏர். ஒரே மாடல் பேர்லயே ஒரு வேரியன்ட்டுக்கு ஸ்டீல், இன்னொண்ணுக்கு ஏர்னு வரும். அதனால மாடல் பேரைச் சொல்லி ஆர்டர் போடாதீங்க. சேசிஸ் நம்பரை வெச்சு பார்ட் கேட்டலாக்ல பாருங்க. டீசலா பெட்ரோலாங்கறதும் முக்கியம். எஞ்சின் எடை மாறினா முன் ஆக்சில் லோடு மாறும், ஸ்பிரிங்கும் மாறும். ஐபாக், எச் அண்ட் ஆர் மாதிரி பேர் பெற்ற ஜெர்மன் கம்பெனிகளோட பட்டியல்ல ஒரே காருக்கு ஆக்சில் எடை வாரியா தனித்தனி பார்ட் நம்பர் இருக்கறது இதுக்காகத்தான்.

30 மி.மீ இறக்கினா உண்மையில என்ன குறையுது?

எல்லாரும் தரையிலிருந்து இருக்கற இடைவெளி குறையறதை மட்டும் பாக்கறாங்க. பெரிய இழப்பு வேற இடத்துல நடக்குது.

சக்கரம் ஒரு மேட்டுல ஏறும்போது ஸ்பிரிங் சுருங்கும். அது சுருங்க ஒரு எல்லை உண்டு. எல்லை முடியற இடத்துல பம்ப் ஸ்டாப்புன்னு ஒரு ரப்பர் கட்டை நிக்கும். வண்டி சும்மா நிக்கற நிலையிலிருந்து அந்தக் கட்டை வரைக்கும் 80 மி.மீ இடம் இருக்குன்னு வெச்சுக்குவோம். 30 இறக்கிட்டா மிச்சம் 50.

80-ல 50-னா 62 சதவீதம் மிச்சம் இருக்கேன்னு தோணும். அங்கதான் ஏமாறுவோம். ஸ்பிரிங் வாங்கற அடியின் அளவு தூரத்தோட வர்க்கத்துல போகும். 50-ஐ 80-ஆல வகுத்து, வர்க்கம் எடுத்தா 0.39. சரி, லோயரிங் ஸ்பிரிங் கொஞ்சம் விறைப்பா இருக்குமே. 15 சதவீதம் விறைப்பு கூடுதல்னு வெச்சுப் பெருக்குங்க, 0.45. அதாவது ரப்பர் கட்டையில மோதறதுக்கு முன்னாடி உங்க ஸ்பிரிங் வாங்கக்கூடிய அடி பாதிக்கும் கீழ போயிடுச்சு. பழையபடி முழுசா வாங்கணும்னா ஸ்பிரிங் இரண்டரை மடங்குக்கு மேல விறைப்பா இருக்கணும். அப்படி ஒரு ஸ்பிரிங்கை யாரும் குடும்ப வண்டிக்கு விக்கமாட்டாங்க, வித்தா நீங்க உக்காரமாட்டீங்க.

நல்ல கிட்டுகள்ல குட்டையான பம்ப் ஸ்டாப்பும் சேர்த்துக் குடுப்பாங்க, இல்லை இருக்கறதை எவ்வளவு வெட்டணும்னு அளவு குடுப்பாங்க. அதனால கொஞ்சம் இடம் திரும்பக் கிடைக்கும். ஸ்பிரிங் மட்டும் நாலு வந்து, பம்ப் ஸ்டாப்பைப் பத்திப் பேச்சே இல்லைன்னா அந்தக் கிட்டை வாங்காதீங்க.

இப்ப தரை இடைவெளி. வண்டியோட இடைவெளி 200 மி.மீ.னு வெச்சுக்குவோம். குடும்பத்தோட, கல்யாணத்துக்கு லக்கேஜோட கிளம்பினா பின் ஆக்சில் மேல கூடுதலா 200 கிலோ. ஒரு சக்கரத்துக்கு 100 கிலோ. பின் சக்கரத்துல விறைப்பு மி.மீ.க்கு 40 நியூட்டன்னா ஒரிஜினல் ஸ்பிரிங் சுமார் 25 மி.மீ அமுங்கும், இடைவெளி 175 ஆகும். லோயரிங் ஸ்பிரிங் விறைப்புனால 21 மட்டும் அமுங்கும். ஆனா ஆரம்பமே 170, அதனால மிச்சம் 149.

இந்திய சாலை காங்கிரஸ் அளவுப்படி கட்டின வேகத்தடை 10 செ.மீ உயரம், 3.7 மீட்டர் அகலம். அது வில்லு மாதிரி மெதுவா ஏறி இறங்கும், 149 இருந்தாலும் ஒண்ணும் ஆகாது. நம்ம ஊருக்குள்ள ராத்திரியோட ராத்திரியா கான்கிரீட் கொட்டிக் கட்டற தடையை யாரு அளந்து கட்டறாங்க? குறுகலா, செங்குத்தா இருக்கும். முன் சக்கரம் தாண்டி, பின் சக்கரம் ஏறறதுக்குள்ள நடுவயிறு தட்டும். இதைவிட மோசம் பண்ணைக்குப் போற மண் தடம். டிராக்டர் போய்ப் போய் ரெண்டு பக்கமும் பள்ளம், நடுவுல மேடு. பையன்கிட்ட, "வண்டி ஒரு நாளைக்கு எத்தனை தடவை பண்ணைக்குள்ள போகுது?"ன்னு கேட்டேன். "நாலு தடவை போகும்"னார். அப்பா அப்ப சிரிக்கல.

வளைவுல சாயறது குறையுமா?

இது நியாயமான கேள்வி. ஏற்காடு மலைப்பாதையில 20 கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலையில 70. இந்த ஊர்க்காரங்களுக்கு வண்டி சாயறது நிஜமான பிரச்சினை.

வளைவுல உள்பக்க சக்கரத்திலிருந்து வெளிப்பக்கத்துக்கு எடை மாறறது, ஈர்ப்பு மையத்தோட உயரத்தைப் பொறுத்தது. அது 700 மி.மீ.யில இருக்குன்னா, 30 இறக்கினதும் 670. குறைவு 4 சதவீதம் சொச்சம். ஆக்சில், சக்கரம் எல்லாம் இருந்த இடத்துலயே இருக்கறதால உண்மையில அதைவிடவும் கொஞ்சம் குறைவு. சாய்வு குறைஞ்ச மாதிரி தெரியறதுக்குப் பெரும்பகுதி காரணம் ஸ்பிரிங்கோட விறைப்பு. சாய்வு மட்டும்தான் தொந்தரவுன்னா, விறைப்பான ஆன்டி ரோல் பாரோ நல்ல டயரோ அதே வேலையைத் தரை இடைவெளியில கை வைக்காம செய்யும். இதைச் சொன்னதும் பையன் ஒத்துக்கிட்டார்: "சாயறது ஒரு பக்கம்ண்ணா. வீல் ஆர்ச்சுல அந்த கேப்தான் பாக்க நல்லா இல்ல."

அழகுக்குச் செலவு பண்ணறது தப்பே இல்லைங்க. அழகுக்குன்னு ஒத்துக்கிட்டு, அந்த விலையைத் தெரிஞ்சுக்கிட்டுப் பண்ணணும்.

விலை: கிட்டோட எம்.ஆர்.பி மட்டும் இல்லை

கீழ இருக்கற எண்கள் உதாரணத்துக்கு நான் போட்டவை. உங்க கொட்டேஷன்ல இருக்கறதைப் போட்டு மாத்திக்குங்க, முறை அதேதான்.

கிட் ரூ.45,000. வெளிநாட்டு வெப்சைட் விலையைப் பார்த்து ஏமாறாதீங்க. அதுக்கு மேல சரக்குக் கட்டணம், சுங்க வரி, சமூகநலக் கூடுதல் வரி, இது எல்லாம் சேர்ந்த தொகை மேல ஐ.ஜி.எஸ்.டி, கூரியர்காரங்களோட கையாளும் கட்டணம். வீட்டு வாசலுக்கு வந்து சேர்ற விலைதான் விலை.

மாட்டறது, நாலு சக்கர அலைன்மென்ட் ரூ.18,000. பம்ப் ஸ்டாப், மேல் மவுண்ட், போல்ட் ரூ.12,000. ஆரம்பச் செலவு ரூ.75,000. பெரும்பாலானவங்க கணக்கு இங்கயே நின்னுடுது.

வண்டி இறங்கினா சக்கரத்தோட மேல்பக்கம் உள்ளே சாயும், இதுதான் நெகட்டிவ் கேம்பர். டயரோட உள் ஓரம் சீக்கிரம் தேயும். வெளிய நின்னு பாத்தா டயர் நல்லாவே இருக்கற மாதிரி தெரியும், உள்பக்கம் கம்பி எட்டிப் பாக்கும். நாலு டயர் ரூ.1,20,000, 40,000 கி.மீ ஓடவேண்டியது 28,000-ல முடிஞ்சா, ஒரு கி.மீ.க்கு ரூ.3 ஆக இருந்தது ரூ.4.29 ஆகும். வருஷம் 15,000 கி.மீ ஓடினா கூடுதல் ரூ.19,286.

அடுத்தது ஷாக் அப்சார்பர். ஒரிஜினல் ஷாக், ஒரிஜினல் ஸ்பிரிங்கோட விறைப்புக்கும் உயரத்துக்கும் பொருத்தி வடிவமைச்சது. விறைப்பான ஸ்பிரிங்கை அடக்க அது கூடுதலா உழைக்கும், அடிக்கடி கடைசி எல்லையில போய் முட்டும். நாலு ஷாக் ரூ.2,00,000, ஒரு லட்சம் கி.மீ ஓடறது 60,000-ல போச்சுன்னா கி.மீ.க்கு ரூ.2 ஆக இருந்தது ரூ.3.33. வருஷத்துக்குக் கூடுதல் ரூ.20,000.

ரெண்டும் சேர்ந்து வருஷம் ரூ.39,286, நாலு வருஷத்துக்கு ரூ.1,57,144. விக்கும்போது வாங்கறவர் ஒரிஜினல் ஸ்பிரிங் கேப்பார். திருப்பி மாட்ட ரூ.15,000. ஆரம்பச் செலவையும் சேர்த்தா ரூ.2,47,144.

பண்ணைக்காரருக்கு லட்சக் கணக்கைவிட காசுக் கணக்கு சீக்கிரம் புரியும். நாமக்கல் மண்டல முட்டை விலை 10 காசு இறங்கினா, தினம் 50,000 முட்டை எடுக்கற பண்ணைக்கு ஒரு நாள்ல ரூ.5,000 போச்சு. அந்த 10 காசு தொடர்ந்து 49 நாள் இறங்கியே இருந்தா எவ்வளவு நஷ்டமோ, அவ்வளவுதான் இந்த 30 மி.மீ. விலை 10 காசு இறங்கினதுக்கு அப்பா எத்தனை ராத்திரி தூங்காம இருந்திருக்கார்னு பையனுக்கே தெரியும்.

"செலவா எழுதிடலாமா?"

என்னோட ஏரியா இது, கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

முதல்ல ஜி.எஸ்.டி. 13 பேர் வரைக்கும் உக்காரக்கூடிய பயணிகள் வண்டிக்கு உள்ளீட்டு வரி வரவு பொதுவா கிடையாது. பிரிவு 17(5) தடுக்குது. அந்த வண்டிக்கான சர்வீஸ், ரிப்பேர், பராமரிப்பு, இன்ஷூரன்ஸ் இதுக்கும் சேர்த்தே தடை. ஸ்பிரிங்கைத் தனியா பொருளா பில் போட்டு வரவு எடுத்துக்கலாம்னு யாராவது யோசனை சொன்னா, நான் கையெழுத்துப் போடமாட்டேன். வரவு எடுத்து, பின்னாடி வட்டியோட திருப்பிக் கட்டற கோப்புகளைப் பார்த்துட்டேன்.

அடுத்து வருமான வரி. கோழிப்பண்ணை வருமானம் விவசாய வருமானம் இல்லை, தொழில் வருமானம். அதனால செலவு எதுன்னு அதிகாரி கேப்பார். தேஞ்சுபோன ஸ்பிரிங்குக்குப் பதிலா அதே அளவு ஸ்பிரிங் போட்டா அது பழுது பார்க்கும் செலவு, பேசவே வேண்டாம். நல்லா இருக்கற ஸ்பிரிங்கைக் கழட்டிட்டு அழகுக்காக வேற போடறது அப்படி இல்லை. அதுல தொழிலுக்கு என்ன பயன்? பதில் இல்லை. மூலதனச் செலவா சேர்த்தாலும் காருக்கு 15 சதவீத தேய்மானம்தான், அதுலயும் சொந்த உபயோகப் பங்கைக் கழிச்சிடுவாங்க. (சிலர் 30 சதவீதம்னு நினைக்கறாங்க. அது வாடகைக்கு ஓட்டற லாரி, பஸ், டாக்ஸிக்கு. அப்பாவோட பழைய லாரிக்கு இருந்தது, பையனோட காருக்கு இல்லை.)

இன்னொரு விஷயத்தைப் பலர் யோசிக்கறதே இல்லை. சட்டம் தடை செஞ்ச ஒரு காரியத்துக்குப் பண்ணின செலவைத் தொழில் செலவாக் கழிக்க முடியாது. 1961 சட்டத்துல பிரிவு 37(1)-இன் விளக்கத்துல இருக்கு. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம், பிரிவு எண்கள் மாறிடுது. அப்ப லோயரிங் ஸ்பிரிங் சட்டம் தடை செஞ்ச காரியமா? அதுதான் அடுத்த கேள்வி.

ஆர்.டி.ஓ, இன்ஷூரன்ஸ்

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52: ஆர்.சி.யில இருக்கற விவரங்கள், தயாரிப்பாளர் முதல்ல குறிப்பிட்டதிலிருந்து மாறுபடற மாதிரி வண்டியை மாத்தக்கூடாது. கேரளாவிலிருந்து போன ஒரு வழக்குல, 2019 ஜனவரி 9-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் இதைக் கறாராவே படிச்சுது. தயாரிப்பாளரோட ஒரிஜினல் ஸ்பெசிஃபிகேஷனை மாத்த முடியாதுன்னு சொல்லிடுச்சு. அதே வருஷம் வந்த திருத்தத்துல 182ஏ பிரிவு சேர்ந்துச்சு. அனுமதி இல்லாத மாற்றம் செஞ்ச உரிமையாளருக்கு ஆறு மாசம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம், அல்லது ரெண்டும்.

வண்டியோட உயரம் ஆர்.சி.யில எழுதியிருக்கறது இல்லையேன்னு வாதம் பண்ணலாம். வாதம் பண்ண இடம் இருக்குன்னே நானும் நினைக்கறேன். ஆனா சஸ்பென்ஷன் தயாரிப்பாளரோட ஸ்பெசிஃபிகேஷன்ல அடங்காதுன்னு சொல்லி என் க்ளையன்ட்டை நிக்க வைக்கமாட்டேன். ஜெர்மன் டி.யூ.வி. சான்றிதழ் இருக்குன்னு கடைக்காரர் காட்டுவார். அது நல்ல பொருள்ங்கறதுக்கு அடையாளம், இந்திய அனுமதி இல்லை. ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

ரூ.5,000 அபராதத்துக்கு யாரும் பயப்படறது இல்லை, தெரியும். பயப்படவேண்டியது இன்ஷூரன்ஸுக்கு. 60 லட்சம் ரூபா வண்டி, தொப்பூர் கணவாயில ஒரு விபத்து. சர்வேயர் வண்டியைத் தூக்கிப் பாக்கறார், நிறம் மாறின ஸ்பிரிங் கண்ணுல படுது. பாலிசி எடுத்தப்போ சொன்னீங்களா, மாட்டின பிறகு எழுதிக் குடுத்தீங்களா? அடுத்தவங்களுக்கான பொறுப்பை அவ்வளவு சுலபமா கம்பெனி தட்டிக் கழிக்க முடியாது. உங்க சொந்த வண்டிக்கான க்ளெய்ம்ல, சொல்லாம விட்ட மாற்றம் சண்டைக்கு முதல் காரணமாயிடும். ஜெயிக்கறது தோக்கறது அப்புறம், அந்த மாசங்கள்ல வண்டி ஷெட்ல நிக்கும், இ.எம்.ஐ. மட்டும் ஓடும். மேல போட்ட ரூ.2,47,144-ல இந்த ரிஸ்க்குக்கு நான் ஒரு ரூபாகூடச் சேர்க்கலை.

பட்டறையில சுருளை வெட்டறது

"ரூ.3,000-க்கு ஒரு சுத்து வெட்டிக் குடுக்கறாங்க அண்ணா"ங்கறது அடுத்த யோசனை. வேண்டாம். ஆறு சுத்து வேலை செய்யற ஸ்பிரிங்ல ஒண்ணை வெட்டினா விறைப்பு 20 சதவீதம் கூடிடும், நீங்க கேட்காமலே. வெட்டின முனை கிண்ணத்துல சரியா உக்காராது. வண்டியை ஜாக்கில தூக்கினாலோ பெரிய பள்ளத்துல சக்கரம் தொங்கினாலோ, ஸ்பிரிங் இருப்பிடத்தை விட்டே நகரலாம். கேஸ் கட்டர் வெச்சு சூடு பண்ணி இறக்கறது இன்னும் மோசம், சூடு பட்ட இடத்துல எஃகோட பதமே போயிடும். லாரிப் பட்டறையில வேலை செஞ்ச அப்பா இதை என்கிட்டக் கேக்காமலே பையனுக்குச் சொன்னார். "பதம் போன பட்டை சத்தம் போடாம ஒடியும்டா."

இவ்வளவுக்கும் பிறகு வேணும்னா

30 வேண்டாம், 15-லிருந்து 20 மி.மீ.யோட நிறுத்துங்க. மேல சொன்ன கணக்கையே 80-ல 20 போச்சுன்னு போட்டுப் பாருங்க. 60-ஐ 80-ஆல வகுத்து வர்க்கம் 0.56, விறைப்போட சேர்த்து 0.65. பாதிக்கும் கீழ போறதுக்கும் மூணுல ரெண்டு பங்கு மிச்சம் இருக்கறதுக்கும் ஓட்டும்போது நல்லாவே வித்தியாசம் தெரியும். அமுங்க அமுங்க விறைப்பு கூடற புரோக்ரெசிவ் ஸ்பிரிங்கா எடுங்க, லோடு ஏத்தற குடும்பத்துக்கு அதுதான் ஒத்துவரும். மாட்டின பிறகு அலைன்மென்ட்டோட நிக்காம ஹெட்லைட் மட்டம், கேமரா, ரேடார் கேலிப்ரேஷனையும் பாக்கச் சொல்லுங்க. வாரண்டி மிச்சம் இருந்தா, முடியற வரைக்கும் பொறுங்க. மாட்டறதுக்கு முன்னாடியே ஆர்.டி.ஓ.வுக்கும் இன்ஷூரன்ஸுக்கும் எழுத்துல கேளுங்க. இன்ஷூரன்ஸ் ஒத்துக்கிட்டா எண்டார்ஸ்மென்ட் வாங்கி பாலிசியோட வெச்சுக்குங்க, வாய் வார்த்தை செல்லாது. ஒரிஜினல் ஸ்பிரிங் நாலையும் துடைச்சு, எந்த சக்கரத்துலிருந்து கழட்டினதுன்னு பெயின்ட்ல எழுதி, குடோன்ல பத்திரமா வைங்க. பழைய இரும்புக்காரருக்குப் போட்டுட்டு, விக்கற நேரத்துல புதுசு வாங்கினவரை எனக்குத் தெரியும்.

ஃபர்ம் பேர்ல வண்டி இருந்தாலும், இந்தப் பில்லை மட்டும் சொந்தக் கணக்குல எடுத்துக்கச் சொன்னேன். பையன் இன்ஷூரன்ஸுக்கு மெயில் போட்டிருக்கார், எனக்கும் ஒரு காப்பி வந்துச்சு. பதில் இன்னும் வரலை. அதுவரைக்கும் ஆர்டர் போடலைன்னு சொல்லியிருக்கார். போன வாரம் அப்பா போன் பண்ணினார், ஸ்பிரிங்கைப் பத்திப் பேசலை. அந்த மண் தடத்தை ஜே.சி.பி. வெச்சு மட்டம் பண்ணி கிராவல் போட்டா, அதைப் பண்ணைக் கணக்குல செலவா எழுதலாமான்னு கேட்டார். எழுதலாமுங்க, பில் மட்டும் வாங்கி வைங்கன்னு சொன்னேன்.